பாஷைக்காரரின் பன்னிரண்டாவது வார்த்தை

உலகத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ கண்டுபிடித்திருக்கிறார்கள். ஷிப்ட் போடுவதற்கென்றே தனியாக ஒரு பாஷையைக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மந்தாரக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில், எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். அந்த எட்டு மாதத்தில் நான் அதிர்ச்சி அடையாத நாள் என்று ஒன்று இருந்தால், அன்று எனக்கு லீவாக இருந்திருக்கும்.

எங்களுடையது சின்ன கான்ட்ராக்ட் ஆபீஸ். சுரங்கத்து கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை வாரிப் போட முப்பது பேரை அனுப்புவோம். யாருக்கு எந்த ஷிப்ட் என்பது சூப்பர்வைசர் தனபால் அண்ணனின் நோட்டில் பாதியும் தலையில் மீதியுமாக இருந்தது. அவருக்கு மஞ்சள் காமாலை வந்து பத்து நாள் படுத்ததும் ஆபீஸும் சேர்ந்து படுத்துக்கொண்டது. பதறிப்போன ஓனர், சாஃப்ட்வேர் செய்து தரச் சொல்லி இவரைப் பிடித்து வந்தார்.

வந்தவர் ஒரு மாதம் கம்ப்யூட்டரையே தொடவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் போய் நின்று, போகிறவர் வருகிறவர் பேசுவதையெல்லாம் நோட்டில் எழுதினார். செக்யூரிட்டி சும்மா விடுவாரா? பிடித்து உட்காரவைத்து எங்களுக்குப் போன் போட்டார்.

"உங்க ஆபீஸ்னு ஒருத்தரு சொல்லிகினு இருக்காருங்க. நோட்டு பூரா 'வேணாம், வேணாம்'னு எழுதி வெச்சிருக்காரு. ஏதாச்சும் போராட்டமா?"

மாத முடிவில் இவர் ஒரு காகிதத்தை ஓனர் முன்னால் வைத்தார். ஆளு, ஷிப்ட், ஆஃப், கூட, வேணாம், எப்பவும் என்று மொத்தம் பதினோரு வார்த்தை.

"இதுதாங்க பாஷை."

"சாஃப்ட்வேர் கேட்டா பாஷையக் குடுக்கறீங்களே?"

"சாஃப்ட்வேர்னா ஒவ்வொரு மாத்தத்துக்கும் என்னைக் கூப்பிடணும். பாஷைன்னா அவங்களே எழுதிக்குவாங்க."

"எவங்க?"

"கரி வார்றவங்கதான்."

ஓனர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

இதில் எப்படிக் கூட்டுவது என்று நான் அப்பாவியாகக் கேட்டேன். "கூட்டல் கெடையாதுங்க மேடம். நம்பரே கெடையாது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டரில் நம்பர் இல்லையா? "ஷிப்ட் பேசறப்ப யாருங்க கூட்டறாங்க? எந்த வேலைக்கோ அந்த வேலைக்கு மட்டுந்தான் பாஷை. எல்லாத்தையும் சேர்த்தா அப்புறம் என்னைத் தவிர ஒருத்தருக்கும் புரியாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தப்பாக எழுதினால் அந்த பாஷை திட்டும். 'ஏழாவது வரி எனக்குப் புரியல, தனபால் அண்ணன்கிட்ட கேட்டுட்டு வா' என்று திரையில் வரும். கம்ப்யூட்டரே அண்ணன் என்கிறதே என்று தனபால் அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் அன்றோடு கட்சி மாறினார்.

முதல் வரியை எழுதியது கரி வாருகிற அஞ்சலை. 'அஞ்சலை எப்பவும் ஃபர்ஸ்ட் ஷிப்ட்.' அந்த ஷிப்ட் மத்தியானம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். நடக்க முடியாத அவள் மகள் மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வேனில் வந்து இறங்குவாள். காலையில் பக்கத்து வீட்டுக்காரி ஏற்றிவிடுவாள், சாயங்காலம் தூக்கி இறக்க வேறு ஆள் கிடையாது. இதற்காக வாராவாரம் தனபால் அண்ணன் முன்னால் நின்று கெஞ்சுவாள். கிடைக்காத வாரம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

எங்கள் ஆட்கள் எல்லாரும் கம்மாபுரம் பக்கம். ஒருவர்கூட வண்டியில் தனியாக வரமாட்டார்கள். அஞ்சலையை ஸ்கூட்டியில் ஏற்றி வரும் செல்வி 'அஞ்சலை கூட' என்று எழுதினாள். அவள் புருஷன் குமார் 'செல்வி கூட' என்றான். குமார் வண்டியில் தொற்றிக்கொண்டு வரும் மாரி 'குமார் கூட'. மாரியின் மச்சான் 'மாரி கூட'. இப்படியே முப்பது பேரும்.

திங்கட்கிழமை லிஸ்ட்டை ஒட்டியது நான்தான். முப்பது பெயரும் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. முப்பது பேரும் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டில் இருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு பெல்ட் ஓடுகிறது, கரி சிந்துகிறது, வாரிப் போட ஒரு ஜீவன் இல்லை. போன் வந்த பிறகுதான் ஓடிப்போய் லிஸ்ட்டை ஒழுங்காகப் படித்தேன்.

"ஷிப்டுக்குப் பத்து பேர் வேணும்னு உங்களுக்குத் தெரியாதாய்யா?" என்று கத்தினார் ஓனர்.

"ஒரு மாசம் கேட்ல நின்னேங்க. ஒருத்தர்கூட அதச் சொல்லலையே."

"அத எவன்யா வாய்விட்டுச் சொல்லுவான்?" என்றார் தனபால் அண்ணன், நிஜமான ஆச்சரியத்தோடு.

எல்லா வரியையும் அழித்துவிட்டுப் பழையபடி நோட்டை எடுக்கச் சொன்னார் ஓனர். ஷிப்ட் முடிந்து கையெழுத்துப் போட வந்த அஞ்சலை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாஷைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு ஓனரிடம் ஒரே ஒரு நாள் கேட்டார்.

பத்துப் பேர் கணக்கை உள்ளே எங்கேயோ செருகினார். உடனே, 'எல்லாரும் கேக்கறதையெல்லாம் குடுக்க முடியாது, யாராச்சும் விட்டுக்குடுங்க' என்றது கம்ப்யூட்டர். கூட்டலையே சேர்க்க மறுத்த மனுஷன் அன்றைக்கு ஒரு புது வார்த்தை சேர்த்தார். 'முடிஞ்சா.' அதைப் போட்ட வரி, இடம் இருந்தால்தான் நடக்கும். போடாத வரி நடந்தே தீரும்.

"அஞ்சலை வரியை விட்டுட்டு மத்ததுல நானே போட்டுடறேன் சார், ரெண்டு நிமிஷ வேலை" என்றேன்.

"கூடாதுங்க மேடம். அவங்க எழுதின வரி. அவங்கதான் மாத்தணும்."

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனோம். ஆள் ஆளுக்கு முறைத்தார்கள். அவன் போடட்டும் மொதல்ல என்று இவன், இவன் போடட்டும் என்று அவன்.

குமார் சண்டைக்கே வந்துவிட்டான். "பொண்டாட்டி கூட வேலைக்கு வர்றது முடிஞ்சாதானா சார்? இன்னா நாயம் இது?"

பக்கத்தில் நின்ற செல்வி சொன்னாள். "முடிஞ்சா போதும் சார். போடுங்க."

வரிசையே சிரித்துவிட்டது. குமார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தட்டினான். அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்து தட்டினார்கள். கடைசியில் அஞ்சலை வந்தாள். அவளும் 'மு' என்ற எழுத்தைத் தேடி விரலை நீட்டினாள்.

"உனுக்கு வேணாம் அஞ்சல" என்றான் குமார். அதற்குள் பின்னாலிருந்து நாலைந்து பேர், "நீ வூட்டுக்குக் கெளம்பு, நேரமாவுது" என்று விரட்டினார்கள். ஒரு லீவுக்காக ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் கூட்டம் அது. எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ச்சி அதுதான். பாஷைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் ஓசூரில் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டார். போன மாதம் எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார். லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு லேடிக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்? அந்த வரியை எடுங்க" என்றார். பதினாறு வருஷ சர்வீஸில் எந்த மேனேஜருக்கும் எதிர்ப்பேச்சு பேசியறியாத நான், "அத அவங்கதான் சார் மாத்தணும். நான் தொடமாட்டேன்" என்றேன். மேனேஜரைவிட எனக்குத்தான் அதிர்ச்சி. அந்த மனுஷன் என்னையும் கெடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.