சி அறைக்காரர் மீது ஒரு புகார்

வெண்டெல் அந்த மின்னஞ்சலை மூன்றாவது முறையாகப் படித்தான். படிக்கப் படிக்கத் தொகை குறையும் என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருந்தார்களோ என்னவோ. "பொது அறை சோஃபாவின் வலது கைப்பிடியில் கருகல். மாற்றுச் செலவு நானூற்று எண்பது டாலர். மூன்று அறைக்காரர்களுக்கும் சமமாகப் பிரிக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் அலுவலகத்தில் எழுதித் தரவும்."

பணம்கூடப் போனால் போகிறது. பல்கலைக்கழகப் பால் பண்ணையில் இரண்டு வாரம் கூடுதலாகக் குனிந்து நிமிர்ந்தால் சேர்த்துவிடலாம். கடிதத்துக்குத்தான் வழியில்லை.

புது வீட்டுக்காரி திருமதி ஹோல்ம் கேட்டது ஒன்றே ஒன்று. "சேதக் கட்டணம் ஏதுமின்றி நல்லபடியாகக் காலி செய்தார்" என்று பழைய குடியிருப்பிலிருந்து ஒரு கடிதம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். வராவிட்டால் அந்த மாடி அறை புல்லாங்குழல் படிக்கும் ஒரு பெண்ணுக்குப் போய்விடும். வெண்டெலுக்கு மிஞ்சுவது அக்கா ஜோலீன் வீட்டுக் கூடம். அங்கே மூன்று குழந்தைகள், மூத்ததற்கே ஐந்து வயதுதான். போதாக்குறைக்கு ஹாங்க் என்று ஒரு கறுப்பு நாய். கூடத்து சோஃபா தன்னுடையது என்பதில் அதற்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. எட்டு நாளாக நாய் காலை நீட்டிப் படுக்கிறது, வெண்டெல் மடக்கிப் படுக்கிறான். கால்நடை மருத்துவத்தின் கடைசி வருஷத்தை இப்படி ஒரு கால்நடையின் தயவில் ஓட்ட முடியாது.

டக்கருக்குப் போன் போட்டான். டக்கர் பி அறையில் இருந்தவன், இவன் ஏ.

"உண்மையைச் சொல்லுடா. சோஃபாவைப் பொசுக்கினது நீதானே?"

"நானா? நீன்னு நினைச்சுத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். சிநேகிதனைக் காட்டிக் கொடுக்க வேணாம்னு."

"சத்தியமா நான் இல்ல."

"நானும் இல்லடா."

மிச்சம் இருந்தது ஒரே அறை. இரண்டு பேர் யோசனையும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது.

"சி-யா? சேச்சே" என்றான் வெண்டெல்.

"சேச்சே" என்றான் டக்கரும்.

அப்படிப்பட்ட மனிதர் சி. பெயர் தெரியாது, முகம் தெரியாது. குவாரி பெண்ட் குடியிருப்பில் ஒவ்வொரு படுக்கையறைக்கும் தனி ஒப்பந்தம், தனிப் பூட்டு, தனிக் குளியலறை. மூடிய கதவைத் தட்டுவது அடுத்தவர் தட்டில் கை வைப்பது மாதிரி. ஆகவே யாரும் தட்டவில்லை, பன்னிரண்டு மாதம் தட்டவில்லை. இவர்கள் எழுந்திருக்கும்போது சி போய்விட்டிருப்பார். இவர்கள் திரும்பும்போது சி-யின் கதவு சாத்தியிருக்கும், கீழே ஒரு கோடு வெளிச்சம் மட்டும் தெரியும். கேட்டால் நம்ப மாட்டீர்கள், அந்த ஒரு கோடு வெளிச்சத்தைப் பார்த்தாலே வெண்டெலுக்கு வீட்டில் பெரியவர்கள் யாரோ இருக்கிறார்கள் என்று ஒரு தெம்பு வரும்.

காலையில் காப்பிப் பாத்திரத்தில் இரண்டு கோப்பை அளவு சூடாக மிச்சம் இருக்கும். குப்பை ஒரு நாளும் வழிந்ததில்லை. பிப்ரவரியில் வெண்டெலுக்குக் காய்ச்சல் கண்டபோது, ஏ அறைக் கதவுக்கு வெளியே ஒரு பாத்திரம் நிறைய, இறைச்சியும் பீன்ஸும் போட்டுக் கொதிக்கவைத்த சில்லிக் குழம்பும், தொட்டுக்கொள்ளப் பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரொட்டிச் சுருளும், "முழுசும் சாப்பிடணும் - சி" என்று ஒரு மஞ்சள் சீட்டும் இருந்தன. நெப்ராஸ்காவில் பெற்ற தாய்கூட அதற்கு மேல் செய்ய மாட்டாள்.

"அந்த மனுஷன் பண்ணியிருக்க மாட்டார்னு எனக்குத் தெரியும்" என்றான் டக்கர். "ஆனா பண்ணினார்னு நீ எழுதிக் கொடுத்தா என்ன? ஒருத்தர் பண்ணினதுன்னு ஆயிட்டா முழுக் கணக்கும் அவர் தலையில போயிடும். உன் பேர் சுத்தம்."

"பாவம் இல்லையா?"

"அவ்வளவு நல்லவர், தப்பா எடுத்துக்க மாட்டார்."

இந்த நியாயம் புதன்கிழமை காலையில் வெண்டெலுக்குச் சரியாகத்தான் பட்டது. டக்கர் சொல்லச் சொல்லப் புகாரை எழுதினான். டக்கருக்குக் கை தாராளம், பொய்யிலும் தாராளம். சி ஒரு குடிகாரர், பாத்திரமே கழுவ மாட்டார், குப்பையைக் கொட்ட மாட்டார், கம்பளத்தில் வாந்தி எடுப்பார், ஒரு நாள் சிகரெட்டோடு சோஃபாவில் தூங்கிப்போனார் என்று ஒன்றரைப் பக்கம் ஓடியது.

அலுவலகத்தில் ரோண்டா மேடம் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நானூறு மாணவர்களையும் ஒரு பார்வையில் கட்டி மேய்ப்பவர். வீடுகளைச் சோதித்துக் கட்டணம் போடுவது நகரத்துத் தலைமை அலுவலகம். ஆட்சேபங்களைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது மட்டும் இவர் வேலை. புகாரை வாங்கி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாவது பத்தியில் அவர் கழுத்து சிவந்தது. நான்காவது பத்தியில் காது சிவந்தது.

"பாத்திரமே கழுவ மாட்டாரா?"

"தொடக்கூட மாட்டார் மேடம்."

"நீங்க பார்த்திருக்கீங்களா, மிஸ்டர் நோவாசெக்? உங்க கண்ணால?"

"பார்க்காம எழுதுவேனா?" என்றான் வெண்டெல். பொய் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும். அவனுக்கு அது இல்லை, குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது.

"குடிகாரர்." அந்தச் சொல்லின் கீழே அவர் பேனாவால் ஒரு கோடு போட்டார். காகிதம் கிழிந்தது. "சரி. வருஷம் பூரா பாத்திரம் கழுவலை, குப்பை கொட்டலை, கம்பளத்துல வாந்தின்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க. சோதனைக்கு வந்தவங்க இதையெல்லாம் கவனிக்காம விட்டுட்டாங்க போலிருக்கு. சமையலறைக்கும் கம்பளத்துக்கும் ஆழ்ந்த சுத்தம், இருநூற்றுப் பத்து டாலர். சேர்த்துடறேன்."

"மேடம், அது அவர்..."

"பொது இடம். மூணு பேருக்கும் உண்டு. சிகரெட்டுக்கு வேற சாட்சி இல்லை, தள்ளுபடி. அடுத்தவங்க வரலாம்."

வாசலுக்கு வந்ததும் டக்கருக்குப் போன் போனது. "நானூற்று எண்பதோட போனேன், அறுநூற்றுத் தொண்ணூறோட வந்திருக்கேன். உன் இலக்கியத்துக்கு இருநூற்றுப் பத்து டாலர்."

"பதறாதே" என்றான் டக்கர். "அந்தக் கருகல் நாம குடி வந்தப்பவே இருந்ததுன்னு காட்டிட்டா? நாம வந்த புதுசுல, போன செப்டம்பர்ல எடுத்த படம் ஒண்ணு என் போன்ல இருக்குடா, அனுப்பறேன். சோஃபாவோட வலது கைப்பிடியில கறுப்பா ஒரு திட்டு நல்லாத் தெரியுது பாரு."

பார்த்தான். தெரிந்தது. படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் கறுப்பு கறுப்புதான். வியாழக்கிழமை தலை நிமிர்ந்தே அலுவலகத்துக்குள் நுழைந்தான்.

ரோண்டா மேடம் படத்தைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் நோவாசெக், இது கருகல் இல்லை."

"பின்னே?"

"மூக்கு."

வெண்டெல் எட்டிப் பார்த்தான். மூக்குதான். அதற்குப் பின்னால் ஒரு காதும் இருந்தது. போன செப்டம்பரில் ஜோலீன் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனபோது ஹாங்க்கை இங்கே விட்டுப் போனது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

"நம்ம குடியிருப்புல பிராணிகளுக்கு அனுமதி கிடையாது."

"ஒரு மணி நேரம்தான் மேடம் இருந்துச்சு."

"மூணு நாள்" என்றார் அவர், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே. "முந்நூறு டாலர். ஆக மொத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு."

வெண்டெல் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். மூன்று நாளேதான், தப்பில்லை. பத்து மாதம் கழித்து, பார்த்தே இராத ஒரு நாயின் கணக்கை இப்படித் துல்லியமாக வைத்திருக்கும் நிர்வாகியை நெப்ராஸ்கா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பயத்தோடு பயமாக அவனுக்கு ஒரு மரியாதையும் வந்துவிட்டது.

"நான் வேற ஒரு யோசனை சொல்றேன்" என்று போனில் ஆரம்பித்தான் டக்கர்.

"நீ தயவுசெஞ்சு சொல்லாதே."

வெள்ளிக்கிழமை. அக்கா வீட்டுச் சமையல் மேஜையில், சோளப்பொரி சிந்திக் கிடந்த இடத்தைத் துடைத்துவிட்டு வெண்டெல் உட்கார்ந்தான். அறை போனது போனதுதான், அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. அவனை உறுத்தியது அறை அல்ல, அந்த ஒன்றரைப் பக்கம். தனக்குக் காய்ச்சலென்றால் சமைத்து வைத்த ஒருவரைக் குடிகாரர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். எங்கேயோ ஒரு கோப்பில் அது இருக்கும், நாளைக்கு அவருக்கு ஒரு வீடு தேவைப்படும்போது எவனாவது அதைப் புரட்டுவான். வெட்கத்தில் அவனுக்கு முகம் எரிந்தது. யாரும் சொல்லித் தராமல், தானாக எழுத ஆரம்பித்தான்.

நாலரைக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ரோண்டா மேடம் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்ன பாக்கி, மிஸ்டர் நோவாசெக்? பூனையா?"

"ஆட்சேபம் எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன் மேடம். தொள்ளாயிரத்துத் தொண்ணூறையும் என் பேர்லயே போட்டுக்கங்க. டக்கருக்கும் வேணாம், சி அறைக்காரருக்கும் வேணாம். பதிலுக்கு அந்தப் புதன்கிழமைக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு இதைக் கோப்புல வைக்கணும். அவ்வளவுதான்."

அவர் கைப்பையைக் கீழே வைத்தார். படித்தார்.

"சி அறையில் இருந்தவரைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது அத்தனையும் பொய். அவரை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இந்த ஒரு வருஷத்தில் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதற்கும், தேர்வு நாளில் நேரத்துக்கு எழுந்ததற்கும் அவர்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அறையில் மெதுவாகப் பழைய பாட்டு கேட்கும். அது நின்றுவிடக் கூடாது என்று நான் சத்தம் போடாமல் நடப்பேன். எனக்கு வாய்த்தவர்களில் இவ்வளவு நல்ல மனிதர் வேறு இல்லை. இதை அவரிடம் நேரில் சொல்லாமல் காலி செய்துவிட்டேன். அதுதான் நான் செய்த உண்மையான சேதம்."

ரோண்டா மேடம் ஒரு தடவை படித்தார். முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"பாட்டு... தொந்தரவா இல்லையா?"

"இல்ல மேடம். நல்லா இருந்துச்சு."

"விடிகாலை அஞ்சு மணிக்குக் காப்பி அரைக்கற சத்தம்?"

"அந்த வாசனைக்கே பாதி முழிப்பு வந்துடும்."

"அந்தச் சில்லி..." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உப்பு கூடன்னு சிலர் சொல்லுவாங்க."

"யாரு சொன்னாலும் அவங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

அவர் சன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார். வெகு நேரம் சிந்தினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவை எடுத்தார்.

"அந்த சோஃபாவுக்கு எட்டு வயசு. தானா செத்துப்போச்சுன்னு எழுதிடறேன்." ஒரு கோடு. "சமையலறை சுத்தமா இருந்துச்சுன்னு நீயே சொல்லிட்டே." இன்னொரு கோடு. "ஹாங்க் நல்ல நாய். யாரையும் கடிக்கலை." மூன்றாவது கோடு.

நாயின் பெயரை எப்போது சொன்னோம் என்று வெண்டெலுக்கு நினைவில்லை. சொல்லியிருப்போம் என்று விட்டுவிட்டான், அவன் கண் முழுக்க அச்சு இயந்திரத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த கடிதத்தின் மேல்தான் இருந்தது. சேதக் கட்டணம் ஏதுமின்றி நல்லபடியாகக் காலி செய்தார். கீழே கையெழுத்து, முத்திரை. மணி நாலு ஐம்பது.

"மேடம், சி அறைக்காரரோட விலாசம் கிடைக்குமா? ஒரு நன்றி..."

"குடியிருந்தவங்க விலாசம் தர்றதுக்கில்லை." அவர் அந்தக் காகிதத்தைக் கோப்பில் வைக்கவில்லை, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துடும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு."

எழுந்து வாசல்வரை வந்து, கண்ணாடிக் கதவருகே அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சட்டென்று விடவில்லை. நானூறு பேரை நடுங்க வைக்கும் அம்மாவுக்குள் இவ்வளவு ஈரமா என்று வெண்டெலுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

வெளியே பழுது பார்க்கும் லைல், வண்டியின் பின்பக்கத்தில் சோஃபாவை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அதே சோஃபா. வலது கைப்பிடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது.

"ஜெயிச்சுட்டே போலிருக்கே தம்பி?"

"ஜெயிச்சுட்டேன் லைல். ஒண்ணே ஒண்ணுதான் குறை. எங்க வீட்டுல சி அறையில ஒருத்தர் இருந்தாரே, அவர் யாருன்னு உங்களுக்காவது தெரியுமா? ஒரே ஒரு தடவை அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினாப் போதும் எனக்கு."

லைல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

"அதான் இப்பக் குலுக்கிட்டு வந்தியே தம்பி. அவசரத்துக்கு இந்த சோஃபா மேலயே சட்டையை விரிச்சு இஸ்திரி போட்டுப் பொசுக்கினதும் அதே கைதான்."