பஸ்ரா ஒப்புக்கொண்ட வெயில்

அரியலூரில் குடியிருந்துகொண்டு வெயிலை ஒரு பொருட்டாகவே மதிக்காத ஆள் ஒருவர்தான் இருந்தார். எங்கள் ஆபீசில் அவர் பெயர் பஸ்ரா. சண்டைக்காலத்தில் பாலைவனத்துப் பட்டணமான பஸ்ராவில் மூன்று கோடையைப் பட்டாளத்தோடு கழித்துவிட்டு, திரும்பி வந்து எங்களோடு குமாஸ்தாவானவர். சொந்தப் பெயர் ஆஜர் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

எங்களூர் சுண்ணாம்புக்கல் பூமி. சித்திரையில் பேனாவுக்குள்ளேயே மை காய்ந்துவிடும். நாங்கள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டு, விசிறியும் கையுமாக உயிரை விட்டுக்கொண்டிருப்போம். இவரோ கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, நடுப்பகலில் கொதிக்கக் கொதிக்க டீ குடிப்பார்.

"இதெல்லாம் ஒரு வெயிலா சார்? பஸ்ராவுல காக்கா பறக்கறப்பவே வெந்து விழும்!"

ஹெட்கிளார்க்குக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. "காக்கா கெடக்கட்டும்யா. நம்ம வாசப்படியில ஒரு முட்டைய ஒடச்சு ஊத்திப் பாரும்" என்றார்.

ஊற்றினார். ஆபீசே வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடி நின்றது. கொஞ்ச நேரத்தில் முட்டையின் ஓரம் வெள்ளை வெளேரென்று வெந்துவிட்டது. பஸ்ரா குனிந்து பார்த்தார். அசரவில்லை.

"இது வெயிலால இல்லீங்க. கோழிக்குச் சூட்டு ஒடம்பு."

அந்தக் கத்திரி வெயிலில்தான் மூன்று மாதக் குழந்தையோடு என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து வந்தாள். நாங்கள் இருந்தது தகரக் கூரை வீடு. மூன்றாம் நாள் குழந்தைக்கு உடம்பு அனலாகக் காய்ந்தது. பால் குடிக்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லை. வைத்தியர் மருந்து கொடுத்து, "சூடு தணிஞ்சாத்தான் பொழைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை லீவு சொல்ல ஆபீசுக்குப் போனவன், வைத்தியர் சொன்னதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

பஸ்ரா உடனே எழுந்தார். நாலு கோணிச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார். வீட்டில் என் மனைவி ஜன்னலைச் சாத்தி, குழந்தையைக் கம்பளித் துணியில் சுற்றி வைத்திருந்தாள். பஸ்ரா ஜன்னலைத் திறந்து, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார். அவள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"பச்சக் கொழந்தைண்ணே! ஈரக்காத்து பட்டா சளி புடிச்சுக்கும்!"

"சளிய நாளைக்குப் பாத்துக்கலாம் தங்கச்சி. இன்னிக்குப் புள்ள பொழைக்கணும். மொதல்ல அந்தத் துணிய அவுரு."

அழுதுகொண்டே அவிழ்த்தாள். அவர் கூரைத் தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பினார். பிறகு கிணற்றில் இறைத்து இறைத்துச் சாக்கையும் கீற்றையும் நனைத்தபடியே இருந்தார். நான் வாளியைத் தொட்டால், "நீங்க உள்ள போய் விசிறுங்க சார்" என்று விரட்டினார். மத்தியானத்துக்கு மேல் சாக்கு வழியாக வந்த காற்று சில்லென்றிருந்தது. நாலு மணி இருக்கும், "குடிக்குதுங்க! பால் குடிக்குதுங்க!" என்று என் மனைவி கத்தினாள்.

சொல்வதற்குக் கிணற்றடிக்கு ஓடினேன். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"ஆபீசுல சொல்லிடாதீங்க சார். யப்பா, என்னா வெயில்! இதுக்கு பஸ்ராவே தேவல."

மறுநாள் கம்பளிக் கோட்டோடு வந்து, பஸ்ராவில் ஒட்டகமெல்லாம் குடை பிடித்துக்கொண்டு போகும் என்று ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமாங்க, நம்மூர்ல லேசா குளிரக்கூடச் செய்யுது" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் தொங்கிய என் கோட்டை எடுத்து மாட்டி, பித்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன்.