வெறுந்தண்ணீரும் மாமாவின் சோப்புத்தூளும்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளையின் வணக்கம். நீங்களும் அத்தையும், நீங்கள் வீட்டிலேயே தயாரிக்கும் சோப்புத்தூளின் வியாபாரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் மகள் நலம். நான் இருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் அப்படி என்னதான் செய்கிறேன் என்று போன தடவை கேட்டீர்கள். தண்ணீரில் ஒரு விஷ உலோகம் கலந்திருந்தால் நீலமாக ஒளிரும் சாயத்தாள் ஒன்று செய்திருக்கிறேன். பெட்டிக்குள் புற ஊதா விளக்கடியில் வைத்தால், எவ்வளவு ஒளிர்கிறது என்று எண்ணாகக் காட்டும். இயக்குநர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும் உங்க தாள் கண்டுபிடிக்கும்? அந்த எல்லையைச் சொல்லுங்க." அதற்கு முதலில் எதுவுமே கலக்காத தண்ணீரைத் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எண் சற்றே ஆடும். அந்த ஆட்டத்தின் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் "இருக்கிறது" என்று சொல்லலாம். "சும்மா தண்ணியை அளக்கவா இவ்வளவு களைச்சுப்போய் வர்றீங்க?" என்கிறாள் உங்கள் மகள். ஆமாம் மாமா, சும்மா இருப்பதை அளந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

என் தண்ணீர் ஆடிய ஆட்டத்துக்கு அளவே இல்லை. தண்ணீரை மாற்றினேன், குப்பியை மாற்றினேன், விளக்கை மாற்றினேன், பக்கத்து மேஜைக்காரர் தும்மினால்கூட முறைத்தேன். "மாசக் கடைசிக்குள்ள ஆட்டம் அடங்கலைன்னா, தாள் அலமாரிக்கு, நீங்க ஸ்டோருக்கு" என்றுவிட்டார் இயக்குநர். அந்த ஸ்டோர்காரரிடம்தான், சரியாக மூடாத பெட்டி மூடிக்குப் புதுக் கீல் கேட்டிருந்தேன். "அதுவரைக்கும் கையால அடைச்சுக்குங்க சார்" என்றார். நானும் வெளிச்சம் புகாமல் இடுக்கில் முழங்கையை வைத்து அடைத்தபடி அளந்துகொண்டிருந்தேன். நேற்று மின்சாரம் போய் அறையே இருண்டது. கருவி மட்டும் பேட்டரியில் ஓடியது. பார்த்தால், இடுக்கில் என் சட்டைக்கை பேய் மாதிரி நீலமாக எரிகிறது! துணி வெளுப்பாகத் தெரிய சோப்புத்தூளில் சேர்க்கும் பொருள் அந்த விளக்கில் அப்படித்தான் ஒளிருமாம். கை அசைய அசைய எண்ணும் ஆடியிருக்கிறது. "சட்டை பளிச்சுனு இருந்தாத்தான் மாப்பிள்ளை, ஆளுக்கு மரியாதை" என்று டப்பா டப்பாவாக அனுப்புகிறீர்களே, அந்த மரியாதைதான் என் வேலைக்கு உலை வைத்திருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா. ரொம்பவே சோர்ந்துபோயிருக்கிறேன். தயவுசெய்து இனிமேல் தூள் அனுப்ப வேண்டாம். உங்கள் வெண்மை மற்றவர்கள் வீட்டில் ஓங்கி விளங்கட்டும். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
இனி மங்கலாக நடமாடப்போகும் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் மகள் இதைப் படித்துவிட்டாள். "அப்பா தூளை நான் தொட்டதே இல்லைங்க. எல்லாம் கடைத்தூள்தான்" என்கிறாள். உங்கள் டப்பாக்கள் கட்டிலுக்கடியில் மூடி திறக்காமல் இருக்கின்றன. இன்று ஒரு சிட்டிகையைக் கரைத்து அளந்தேன். வெறுந்தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பளிச்சு, கண்டறியும் எல்லைக்குக் கீழே. ஒரு பழுப்புத் துணியை அதில் துவைத்து இடுக்கை அடைத்தேன். ஆட்டம் அடங்கிவிட்டது. என் வேலையைக் காப்பாற்றியதே உங்கள் தூள்தான் மாமா! உடனே இன்னும் சில டப்பாக்கள் அனுப்பவும். மேலே 'கண்ணைப் பறிக்கும் வெண்மை' என்று ஒட்டியிருக்கும் தாளை மட்டும் இயக்குநர் பார்க்குமுன் கிழித்துவிடுகிறேன்.