மரங்கொத்திக்கு ஒரு வரிக் கட்டளை

ஒரு காட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மூன்று நாள் ஆயிற்று. குளம் நிறையத் தண்ணீர் இருந்தது, வழியும் அகலம்தான். ஆனால் டோக்கன் வாங்க ஒரு நாள், அதில் முத்திரை வைக்க ஒரு நாள், வரிசையில் நிற்க ஒரு நாள். குடித்துவிட்டுத் திரும்பும்போதே மறுபடி தாகம் எடுத்துவிடும். பிறகு மறுபடி டோக்கன்.

அந்த வரிசையில் பிலோமி என்ற தேவாங்கு நின்றாள். வயிற்றைக் கவ்வியபடி மூன்று வாரக் குட்டி. தேவாங்கு இரவில் நடமாடும் பிராணி. என்ன செய்ய, டோக்கன் பகலில்தான் கொடுத்தார்கள். தண்ணீர் குடிக்காமல் பால் வற்றிக்கொண்டே வந்தது. குட்டி அழவில்லை. அழாததுதான் பிலோமிக்குப் பயமாக இருந்தது.

"கொஞ்சம் நகரும்மா, வரிசை போகுதில்ல," என்றது பின்னால் நின்ற யானை.

"நகர்ந்துக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா."

"எப்போ ஆரம்பிச்சே?"

"காலையில."

இங்கே எழுதியிருக்கிற வேகத்தில் பிலோமி பேசினாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒரு சொல் வெளியே வருவதற்குள் யானை நின்றபடியே ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிட்டது.

சிங்கராஜாவுக்கே தண்ணீர் கிடைக்க ஒன்றரை நாள் ஆனபோதுதான் இது அரசாங்க விஷயமாயிற்று. ஞானதுரை என்ற கீரியைக் கூப்பிட்டனுப்பினார். காட்டுக்கு வெளியே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் எட்டு வருடம் ஒயர் கடித்த அனுபவம் உள்ள கீரி.

"யாரால தாமதம்னு கண்டுபிடி. அந்த மிருகத்தை ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிடறேன்," என்றார் ராஜா.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிறுத்தைகள் இருந்தன. அவை எதற்கும் வரிசையில் நிற்பதில்லை.

"ஒவ்வொருத்தரா பார்த்தா ஒண்ணும் பிடிபடாது ராஜா. காடு முழுக்க ஒரே நேரத்துல அளக்கணும். அதுக்கு மரங்கொத்தி இருக்கு. பட்டன் கிடையாது, படம் கிடையாது. ஒரே வரியில கட்டளை சொல்லணும். ஒரு சொல் விட்டாலும் அது காதுல போட்டுக்காது."

மரங்கொத்தியின் வேலை இதுதான். சொன்ன நேரத்துக்கு ஒரு தரம் 'டொக்' என்று கொத்தும். உடனே எல்லா மிருகமும் அப்படியே நின்று, அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை தூக்கிய காலைக் கீழே வைக்கக் கூடாது. ஒவ்வொரு பதிலுக்கும் மரத்தில் ஒரு புள்ளி. உண்மையைத்தான் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் அடுத்த கொத்து மண்டையில் விழும்.

கீரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "தொடங்கு, எல்லாரையும், மணிக்கு ஒரு தரம்."

"அப்படி ஒரு கட்டளை இல்லை," என்றது மரங்கொத்தி.

"என்னய்யா, எதிர்த்துப் பேசுது?" என்றார் ராஜா.

கீரி நாக்கைக் கடித்துக்கொண்டது. "'ராஜா பேரில்'னு சொல்ல மறந்துட்டேன். அது இல்லாம காடு முழுக்க அளக்க அதிகாரம் கிடையாது." பிறகு நிதானமாகச் சொன்னது: "ராஜா பேரில் தொடங்கு, எல்லாரையும், மணிக்கு ஒரு தரம்."

டொக்.

பிலோமி குட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். காட்டிலேயே மெதுவான பிராணி அவள்தான். இதற்கு அளவு வேறு வேண்டுமா? கீரி அந்தப் பக்கம் வந்தபோது அதன் வாலைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, என்னை மட்டும் விட்டுடுங்களேன். கைக்குழந்தை. அந்தப் பக்கம் அனுப்பிட்டா இதைத் தூக்கிக்கிட்டு என்னால ஓட முடியாது."

இதைச் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. கீரி பொறுமையாகத்தான் கேட்டது.

"எல்லாரையும்னா எல்லாரையும்தாம்மா. நான்கூட அதுல இருக்கேன். ஒருத்தரை விட்டாலும் அது அளவே இல்லை."

"தாமதம் பண்ணினவங்க பேர் எப்போ வெளியே வரும்?"

"நிறுத்துன்னு சொன்ன உடனே. அதுவரைக்கும் மரத்துல வெறும் புள்ளிதான்."

முதல் நாள் புள்ளிகளை ராஜா வந்து பார்த்தார். எல்லாரும் 'நிற்கிறேன்' என்றே சொல்லியிருந்தார்கள்.

"இதுல என்னய்யா தெரியுது? இன்னும் அடிக்கடி கேளு."

கீரி நிமிடத்துக்கு ஒரு தரம் என்று மாற்றியது. அதிலும் 'நிற்கிறேன்' தான். ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னும் நெருக்கமா!"

"நெருக்கமாக் கேட்டா தெளிவு கூடும் ராஜா," என்று கீரியும் ஒத்து ஊதியது. "ராஜா பேரில் மாற்று, எல்லாரையும், மூச்சுக்கு ஒரு தரம்."

கோளாறு இங்கேதான். ஒரு பதில் சொல்ல ஒரு மூச்சு பிடிக்கும். பதில் முடிவதும் அடுத்த டொக் விழுவதும் ஒன்றாக இருந்தது.

டொக்.

"கொட்டாவி விடறேன்," என்றார் ராஜா.

டொக்.

"கொட்டாவி விட்டேன்னு சொல்றேன்."

டொக்.

"அதைச் சொன்னேன்னு சொல்றேன்."

ஸ்கூலில் மிஸ் அட்டென்டன்ஸ் எடுக்க ஆரம்பித்து, கடைசிப் பெயருக்கு வந்ததும் நோட்டை மூடாமல் மறுபடி முதல் பெயரிலிருந்து வாசித்தால் எப்படி இருக்கும்? காடே அப்படி நின்றது. யானைக்கு ஒரு கால் அந்தரத்தில். முத்திரை வைக்கும் குரங்குக்குக் கை அந்தரத்தில்.

"ராஜா பேரில் நிறு..." என்று கீரி பாய்ந்து சொல்லப் பார்த்தது.

டொக்.

"நிறுத்தப் பார்க்கிறேன்," என்றது கீரி, அழாத குறையாக.

பிலோமியையும் மரங்கொத்தி கேட்டது. அவள் "த...ண்..." என்று ஆரம்பிப்பதற்குள் அடுத்த டொக். மறுபடி "த..." அதற்குள் இன்னொரு டொக். இருபது தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, இவளிடமிருந்து பதில் வராது என்று மரங்கொத்தி அவளைக் கேட்பதையே விட்டுவிட்டது. அளவை மூச்சுக்கு மாற்றிய பிறகு மரத்தில் அவளுக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை.

பிலோமி நடந்தாள். தேவாங்கு நகர்வதை யார் கண்டார்கள்? மரங்கொத்தியும் காணவில்லை. மறுநாள் மத்தியானம் வரிசையின் பாதியைத் தாண்டியிருந்தாள்.

"தேவாங்கு என்னை விட்டுட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்!" என்றது யானை.

டொக்.

"இப்போ இவ ஒருத்தியாலதான் ஒரு வரியை முழுசாச் சொல்ல முடியும்னு கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கேன்!" என்றது கீரி.

டொக்.

"பிலோமியைக் கெஞ்சிக்கிட்டு இருக்கேன்," என்றார் ராஜா.

டொக்.

"நிறுத்துன்னு சொல்லிடு தாயின்னு கெஞ்சறேன்."

டொக்.

"உன்னை அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன்னு சத்தியம் பண்றேன்."

கரைக்கு வந்துவிட்ட பிலோமி திரும்பிப் பார்த்தாள். யானையின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ராஜாவே சத்தியம் செய்துவிட்டார், அப்புறம் என்ன? வாயைத் திறந்தாள்.

"ரா...ஜா... பே...ரில்..."

இன்னும் ஒரே ஒரு சொல். மரங்கொத்திகூடத் தலையைச் சாய்த்துக் கேட்டது. ஆனால் மூச்சுக்கு ஒரு தரம் என்றால் மூச்சுக்கு ஒரு தரம்தான்.

டொக்.

ராஜா பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை.

"புள்ளியே இல்லாதவ மேல பழியைப் போட்டா ஒருத்தரும் கேட்க மாட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார்.

டொக்.

"ராஜா கொஞ்சம் பொறுத்து நினைச்சிருக்கலாமேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்," என்றது கீரி.

பிலோமி வாயை மூடினாள். அதற்கு ஒரு கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு குனிந்து தண்ணீர் குடித்தாள். டோக்கனை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய குரங்கு, "முத்திரை வைக்கப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பால் சுரந்தது. குட்டி வயிறு நிறையக் குடித்து, ஏப்பம் விட்டுத் தூங்கியது.

கட்டளையில் மிச்சமிருக்கும் அந்த ஒரு சொல் பிலோமியிடம் பத்திரமாக இருக்கிறது. குட்டி வளர்ந்து, தனியாக மரமேறக் கற்றுக்கொண்டு, சிறுத்தையின் வாசனை தெரிந்துகொண்ட பிறகு சொல்லலாம் என்றிருக்கிறாள். சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்றுதான் காட்டில் எல்லாரும் நம்புகிறார்கள்.

நீதி: யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லத் தொடங்குங்கள், முடித்துவிடாதீர்கள். கைக்குழந்தை இருந்தால், இன்னும் மெதுவாக.