கம்பவுண்டர் போட்ட கோல்

கொய்னா மருந்தோடு கால்பந்தையும் கலந்து புகட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் எங்கள் கம்பவுண்டர். அவருக்குப் பெயர் என்று ஏதோ இருந்தது. கொல்லிமலையில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

வெள்ளைக்காரன் காலம். அந்த மலையின் வாழவந்தி நாட்டில் நான் காட்டிலாகா கிளார்க். மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா கம்பவுண்டரிடம் மட்டும்தான் உண்டு. அவரோ, திருச்சிக் காலேஜ் டீமுக்கு ஈடாக எந்தக் காலத்திலும் ஒரு டீம் கிடையாது என்று சாதிப்பவர். அதில் சென்டர் பார்வர்டே அவர்தானாம். கடைசி நிமிஷத்தில் அவர் போட்ட கோலைப் பற்றி மலையில் கைக்குழந்தைகள் தவிர எல்லோரும் கேட்டாயிற்று.

நான் சேலத்துக் காலேஜில் படித்தவன். விடுவேனா? ஒருநாள் காய்ச்சலில் இரண்டு கம்பளிக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்தேன். பாட்டிலோடு வந்தார்.

"ஏனுங்க கிளார்க்கு, எந்த டீமுங்க ஒசத்தி?"

"சேலம்."

"காச்சல் இன்னும் மண்டைய விட்டு எறங்கலீங்க" என்று பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம்தான் மருந்து வந்தது.

எங்கள் சண்டையில் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகள் வெயிலில் காய்ந்தார்கள். பொறுக்கமுடியாமல் வழக்கை ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பந்தையே பார்த்திராத பெரியவர்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள். வரப்புத் தகராறுக்கு உள்ள முறைதான் இதற்கும்: கோயில் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாதவன் தோற்றான்.

கம்பவுண்டர் முதலில் போனார். கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"நான் ஆடலீங்க" என்றார். "கோலும் போடலீங்க. அந்தக் காலேஜ் ஆஸ்டல்ல சமையக்கட்டு ஆளு. பாதி ஆட்டத்துல பசங்களுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் குடுத்தேன்."

மூன்று வருஷம் இதற்காகக் காத்திருந்தவன் நான். சிரிப்பு வரவில்லை, சங்கடமாக இருந்தது.

"ஆனா அந்தப் பசங்கதான் ஒசத்தி. அதுக்குக் கைய வெக்கிறேனுங்க."

மற்றவர்கள் தட்டி அணைப்பார்கள். இவர் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. பெரியவர் எழுந்துவந்து, "போதும் சாமி" என்று கையைப் பிடித்துத் தூக்கினார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க வெக்கிறீங்களா, கிளார்க்கு?"

நான் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டேன். தீர்ப்பு முடிந்தது.

அடுத்த வாரம் எனக்கு மறுபடி காய்ச்சல். கையில் கட்டோடு கம்பவுண்டர் வந்தார். ஒன்றும் கேட்காமல் மருந்தை ஊற்றிக் கொடுத்தார்.

"சேலம் டீமும் நல்ல டீம்தானுங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"திருச்சிதான் ஒசத்தி" என்றேன்.

"காச்சல்ல பேசாதீங்க. படுங்க."

இப்போதும் யாராவது எந்தக் காலேஜ் டீம் பெரிது என்று கேட்கிறார்கள். எலுமிச்சம்பழம் நறுக்கித் தர அவர் இருந்த டீம்தான் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு எந்தக் கற்பூரத்திலும் கை வைப்பேன்.