டெலிபோனடிக்கு வந்த கட்டில்

டெலிபோனில் கதைத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். டெலிபோனுக்கு நோயாளியையே கொண்டுவந்து காட்டியவர் எங்கள் ‘ஹலோ ஐயா’ ஒருவர்தான்.

அறுபதுகளில் வடக்குக் கரையோரச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் அப்போதிக்கரி, நான் கிளாக்கர். டொக்டர் இல்லாத இடத்தில் அவர்தான் டொக்டர். சந்தேகம் வந்தால் யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுப்பார். அவர் போடும் ஹலோவுக்கு டெலிபோனே தேவையில்லை என்று மீன்காரப் பெண்கள் சிரிப்பார்கள்.

டெலிபோன் இருந்தது கந்தோரில், என் மேசையில். மறுபக்கத்து டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, வார்டுக்கு ஓடிப் பார்த்துவந்து சொல்வார். ஓடி அலுத்து, ஒருநாள் நோயாளியைக் கட்டிலோடு உருட்டிவந்துவிட்டார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. நான் எழுதிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு கிழவர் இருமுவார். இவர் றிசீவரை அவர் நெஞ்சில் வைத்து, “கேட்டதோ ஐயா?” என்று கத்துவார். இது கந்தோரா, வார்டா என்று நான் சண்டை பிடிக்காத நாளில்லை.

ஒரு மாரியில், கடலுக்குப் போகும் ஒருவரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்தது. ஊசி போட்டும் இரத்தம் நிற்கவில்லை. றோட்டை வெள்ளம் மூடிக் கிடந்தது, அம்புலன்ஸ் வர வழியில்லை. கட்டில் என் மேசையடிக்கு வந்தது. ஹலோ ஐயாவின் இரண்டு கையும் அவள் கருப்பையை அமத்தியிருந்தன. நான் சுவரைப் பார்த்தபடி றிசீவரை அவர் காதில் பிடித்தேன். மறுபக்கத்துப் பிரசவ டொக்டரின் குரல் எனக்கும் கேட்டது.

“கையை எடுத்திடாதேங்கோ. இரத்தத்தோடை ட்றக்டர் ஒண்டு வெள்ளத்துக்குள்ளாலை வெளிக்கிட்டிட்டுது. நான் லைனிலை நிக்கிறன்.”

நேரம் முடிந்தது என்று சொல்ல வந்த எக்ஸ்சேஞ்ச் பெண், விஷயம் விளங்கியதும் லைனை வெட்டாமல் விட்டுவிட்டாள். வாசலில் புருஷன் நனைந்துகொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஹலோ ஐயா கையை எடுக்கவில்லை. ட்றக்டர் வருமுன்னே இரத்தம் மெல்ல மெல்ல நின்றது. அவள் கண்ணைத் திறந்தாள்.

“ஐயா, தண்ணி விடாய்க்குது.”

ஹலோ ஐயா நாடியை அவள் பக்கம் நீட்டிச் சைகை காட்டினார். நான் றிசீவரை அவள் வாயடிக்குக் கொண்டுபோனேன்.

“இன்னொருக்காச் சொல்லு, பிள்ளை,” என்றார்.

சொன்னாள். பிறகு ஹலோ ஐயா எனக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில், “கேட்டதோ ஐயா?” என்றார்.

“ஓம், கேட்டது,” என்றார் மறுபக்கத்து டொக்டர்.

அதற்குப் பிறகு கட்டிலின் சில்லு உருளும் சத்தம் கேட்டாலே நான் எழுந்து மேசையை ஒதுக்கிவிடுவேன். இப்போது டெலிபோனில் ஒருவரும் கத்துவதில்லை. எனக்கென்னவோ, அது வெறிச்சென்று இருக்கிறது.