முஸ்பிறா டீச்சர்

“நாப்பதுக்குப் பன்னெண்டா?” என்றாள் சிபானா, அடுப்பிலிருந்த கறியை மறந்து.

“கொரியா பாஷை என்டா சும்மாவா?” என்றான் றாஸிக். “எழுத்தெல்லாம் வட்டமும் கோடுமா இரிக்கி. சேர் சொல்லக்குள்ள விளங்குது. ஆட்டோ ஓட்டத் தொடங்கினா மறந்து போகுது.”

“எழுதவா சொன்னாங்க? நாலு விடையில ஒண்டுக்குப் புள்ளடி போடத்தானே சொன்னாங்க. பாதியாவது எடுக்காம எப்பிடிக் கொரியாவுக்கு வேலைக்குப் போற? மகள்ற வீட்டுக்கு அத்திவாரம் போட்டு ரெண்டு மாரி மழையும் போயிட்டு. பக்கத்து வீட்டு நூஹு காக்காட ஆடுதான் அதில குடியிருக்கு.”

அது உண்மை. சாய்ந்தமருதில் பெண் பிள்ளையைப் பெற்றவன் அவளுக்கு ஒரு வீட்டையும் கட்டியாக வேண்டும். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை குடிவருவது அங்கேதான். முஸ்பிறாவுக்கு எட்டு வயதுதான். ஆனால் சிபானாவின் கண்ணுக்கு மாப்பிள்ளை ஏற்கெனவே பெட்டியோடு வாசலில் நின்றான்.

குசினி வாசலில் நின்ற முஸ்பிறா கேட்டாள்: “கொரியா போனா எப்ப வாப்பா வருவீங்க?”

“நாலஞ்சு வரிசம் போகும் மகள்.”

“அப்ப நான் பெரிய ஸ்கூலுக்குப் போயிருப்பனே.”

“ஓம். போட்டோ அனுப்புங்க, பாக்கிறன்.”

அவள் வந்து வாப்பாவின் கையிலிருந்த கேள்விப் புத்தகத்தைப் பிடித்தாள். பிறகு, “வினாக்கொத்தத் தாங்க வாப்பா. நான் சொல்லித் தாறன்” என்றாள்.

சிபானா சிரித்தாள். றாஸிக் சிரிக்கவில்லை. சனிக்கிழமைகளில் குர்ஆன் ஓதல் முடிந்ததும் மகளை ஏற்றிக்கொண்டு நேரே கல்முனை வகுப்புக்குத்தான் போவான். அவள் கடைசி வாங்கில் இருந்து கச்சான் கடலை உடைத்துத் தின்பாள். வீட்டில் ஃபோனில் கொரியாக் கார்ட்டூன் பார்ப்பாள். அவ்வளவுதான். வகுப்பெடுக்கும் காலிதீன் சேர் றாஸிக்கிடம் கேட்கும் கேள்விக்குப் பின்னாலிருந்து கச்சான் வாயோடு பதில் வந்துவிடும். அந்த வயதுப் பிள்ளையின் காது கடற்கரை மணல். ஊற்றுவதெல்லாம் உள்ளே போகிறது. றாஸிக்கின் காது சீமெந்துத் தரை.

பாடம் தொடங்கியது.

“பிழை. இன்னொருக்கா சொல்லுங்க.”

“மறந்துட்டன் மகள்.”

“ஓதல்ல மறந்தா மௌலவி காதத் திருகுவார்.”

“வாப்பாட காதத் திருகுவீங்களா?”

“இன்னம் ஒருக்கா மறந்தா.”

வகுப்பில் வைத்த அடுத்த பரீட்சையில் ஐந்து.

“அல்லாஹ்வே! படிக்கப் படிக்கக் குறையிற பாஷையும் உலகத்தில இரிக்கா?” என்றாள் சிபானா.

முஸ்பிறா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சேர் சொன்னதையும் நான் சொன்னதையும் கலந்துட்டீங்க வாப்பா.”

“அதான் பாருங்க, மீன் ஆணத்தயும் இறச்சி ஆணத்தயும் ஒரே கோப்பையில ஊத்தினா எப்பிடி ருசிக்கும்? ஒராள்ட்டப் படியுங்க” என்றாள் சிபானா.

யாரிடம் என்பதை, மெயின் றோட்டில் நூஹு காக்காவின் இளநீர் வண்டி முடிவு செய்தது. பொத்துவில் பக்கம் போகும் வேன் ஒன்று நின்று, கொரியாப் புருசன் பெஞ்சாதி இருவர் இறங்கியிருந்தார்கள். அவர்கள் குடித்துவிட்டு எதையோ காட்டிக் காட்டிக் கேட்க, நூஹு எல்லாவற்றுக்கும் “யெஸ், யெஸ்” என்றார். ஸ்கூல் உடுப்போடு வாப்பாவின் ஆட்டோவிலிருந்து இறங்கிய முஸ்பிறா, “அன்யோங்ஹசேயோ” என்றாள்.

அந்தப் பெண் வாயில் கை வைத்தாள். பிறகு பேச்சு வாய்க்கால் திறந்த மாதிரி ஓடியது.

“உள்ளுக்க இரிக்கிற வழுக்கலத் தோண்டித் தரட்டாம் காக்கா. மறுகா, அவட உம்மாக்கு முழங்கால் வருத்தமாம். இஞ்ச நல்ல எண்ணெய் இரிக்கா என்டு கேக்கிறா.”

நூஹு கத்தியைக் கீழே வைத்தார். “மாஷா அல்லாஹ்! தம்பி றாஸிக், புள்ளைக்குத் தண்ணி ஓதிக் குடுங்க. ஜின் கின் கதைக்குதோ தெரியா.”

“கொரியா கதைக்கிற ஜின் நம்மட ஊருக்கு ஏன் காக்கா வருது?”

வேனில் ஏறுமுன் அந்த மனிதன் பிள்ளையின் முன் இடுப்பை வளைத்துத் தலை குனிந்தான். றாஸிக்கின் கண் கலங்கியது. ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டிச் சோற்றைத் தின்ற பிள்ளைக்குள் இன்னொரு நாடே குடியிருந்திருக்கிறது!

“காலிதீன் சேருக்கு எந்தக் கொரியாக்காரன் தல குனிஞ்சான்?” என்று சிபானாவிடம் கேட்டான். “இனி வகுப்புமில்ல, ஒண்டுமில்ல. வினாக்கொத்திலருந்துதான் கேள்வி வரும். அத முழுக்க மகள்ற வாயால கேட்டுப் பாடமாக்கிறன். சேர் வெக்கிற பரீட்சைக்கு மட்டும் போவன்.”

ஆட்டோ ஓட்டிக்கொண்டே பாடமாக்கினான். நிந்தவூருக்கென்று ஏறிய ஒரு பொம்பிளை பாதியில் இறங்கினா. “தம்பி எதையோ ஓதுறீங்க. நான் பஸ்ஸில போறன்.” வீட்டில் முஸ்பிறாவுக்குக் கோப்பை கழுவும் வேலை நின்றது. “டீச்சருக்கு முட்டை பொரிச்சுக் குடு” என்றான் றாஸிக்.

அதிசயமாக, இந்தத் தடவை சீமெந்துத் தரை குடித்தது. வினாக்கொத்தில் விரல் வைத்த இடமெல்லாம் மகள் சொன்ன விடை அவன் வாயில் வந்து நின்றது. பரீட்சையில் முதல் ஆளாகத் தாளைக் கொடுத்தான்.

காலிதீன் சேர் திருத்தி முடித்து, மற்றவர்களை அனுப்பிவிட்டு, றாஸிக்கை மட்டும் நிறுத்தினார். கடைசி வாங்கில் முஸ்பிறா கச்சானோடு இருந்தாள்.

“எவ்வளவு சேர்?”

“சைபர்.”

“என்ன?”

“நாப்பதும் பிழை.”

றாஸிக் அப்படியே வாங்கில் குந்தினான். “என்ட ரப்பே! ஆடே படுக்கட்டும் சேர் அந்த அத்திவாரத்தில. நான் மொக்கன். மகள்ற வீடு என்னால ஏலா.”

சேர் ஏசவில்லை. பிறை பார்க்கிறவர்போலத் தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மொக்கன் என்டா பத்து எடுத்திருப்பீங்க றாஸிக். நாலில ஒண்டுதானே? உங்கட அத்திவாரத்து ஆடு வந்து கால வெச்சாலும் பத்து சரிவரும்.”

கடைசி வாங்கில் கச்சான் உடையும் சத்தம் நின்றது.

“நாப்பதில ஒண்டுகூடச் சரிவராமப் பாத்துக்கிறதுக்கு, நாப்பதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும். ஆரு உங்களுக்குச் சொல்லித் தந்த?”